வளிமண்டல அழுத்தப் பிளாஸ்மா பீச்சும் அகன்ற பரப்புகளும்

ஃபாரஸ்ட் கேட்டில் என் வீட்டுச் சமையலறை மூலையில் காலி அரிசிப் பைகள் சில எப்போதும் கிடக்கும். போன மாதம் அவற்றில் ஒன்றை ஈரத்துணியால் துடைத்தேன். பையில் அச்சிட்டிருந்த மயில் முழுதாகத் துணியோடு வந்துவிட்டது. கடைக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பை நெய்யப்பட்ட பாலிப்ரோப்பிலீனுக்கு மையோடு ஒட்டும் குணம் இல்லை. தாமரை இலைத் தண்ணீர் கதைதான். அதன் மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன். மை பிடிக்க 38 ஆவது வேண்டும் என்பது அச்சுத் தொழிலாளர் கணக்கு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் அச்சுக்கு முன் பிளாஸ்டிக்கைப் பிளாஸ்மாவில் காட்டுகிறார்கள்.

பிளாஸ்மா என்பது அயனியாகிய வாயு; 1928ல் லாங்மூர் வைத்த பெயர். குழல் விளக்கில் இருப்பது தாழ்ந்த அழுத்தத்துப் பிளாஸ்மா. அதை உண்டாக்க மூடிய கலமும் வெற்றிடப் பம்பும் வேண்டும். மைல் கணக்கில் ஓடும் சுருளுக்கு அது பெருஞ்செலவு. திறந்த காற்றிலோ மின்னோட்டம் ஒரே இடத்தில் திரண்டு மின்வில்லாகிப் பொருளைப் பொசுக்கிவிடும்.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடி போன்ற மின்காப்பை வைப்பது ஒன்று. 1857ல் ஓசோன் தயாரிக்க வெர்னர் சீமன்ஸ் செய்த கருவி இந்த வகை. (அவர் தம்பி வில்லியமின் நிறுவனம் கேபிள் செய்த வூலிச், எங்களுக்குத் தெற்கே தேம்சின் அக்கரையில்தான்.) மற்றது பீச்சு. 1998ல் லாஸ் அலமோசு, லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் விவரித்த கருவியில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மின்முனைகள், நடுவே ஹீலியமும் சிறிது ஆக்சிஜனும் விரையும், 13.56 மெகாஹெர்ட்ஸ் மின்புலம் அதைக் கிளர்த்தும். அயனிகள் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே மடிந்துவிட, வெளியே வந்து வேலை செய்வது வீரியமுள்ள ஆக்சிஜன் அணுக்கள்.

சிக்கல் அகலத்தில் இருக்கிறது. ஒரு பீச்சு தொடுவது சில மில்லிமீட்டர், மிஞ்சினால் சில சென்டிமீட்டர். பலவற்றை வரிசையாக அடுக்கினால் போதாதா என்று கேட்கலாம். முதலில் பற்றிய பீச்சு பந்திக்கு முந்தியவனைப் போல மின்னோட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், மற்றவை இருண்டுபோகும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்தடை தேவை. அப்போதும் அண்டைப் பீச்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, இடையில் வரிவரியாக விட்டுப்போகும். ஹீலியத்தின் விலையும் சேர்ந்துகொள்ள, ஆலைகளில் காற்றிலேயே இயங்கும் சுழல் மூக்கை ரோபோ கையில் பூட்டி முன்னும் பின்னும் ஓட்டுகிறார்கள். கார் பம்பர் போன்ற வளைந்த பொருளுக்கு இது பொருத்தம்.

தட்டையான பொருளுக்கு மின்காப்பு முறையே மேல் என்பது என் எண்ணம். காந்திநகர் பிளாஸ்மா ஆய்வுக் கழகம், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து அங்கோரா முயல் ரோமத்துக்கு இந்த முறையைப் பயன்படுத்தியது. அங்கோரா இழை வழுவழுப்பானது. நூற்றால் வழுக்கும், உடுத்தினால் உதிரும். பிளாஸ்மா இழையின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி உராய்வைக் கூட்டுகிறது. தண்ணீரும் ரசாயனக் குளியலும் தேவையில்லை. இமயமலை அடிவாரத்தில் முயல் வளர்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

பிளாஸ்மா தந்த குணம் நிலைப்பதுமில்லை. மேலே ஒட்டிய ஆக்சிஜன் தொகுதிகள் நாட்போக்கில் உள்நோக்கித் திரும்பிக்கொள்கின்றன. சில வாரங்களில் பிளாஸ்டிக் பழைய சுபாவத்துக்கு நெருங்கிவிடும். அதற்குள் அச்சிட்டுவிட வேண்டும். என் மயிலின் பை அச்சு எந்திரம் ஏறுமுன் ஏதோ கிடங்கில் அதிக நாள் கிடந்திருக்கலாம். இப்போது அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன்.