பந்தில்லாப் பந்தாட்டம்: குற்றாலக் குறவஞ்சியும் நடிப்புப் பயிற்சியும் திருச்சபையும்

தென்காசியினின்று குற்றாலத்திற்குச் செல்லும் வழியில் மேலகரம் என்னும் ஊர் உள்ளது. குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் அவ்வூரினர். மதுரை நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் (1706–1732) காலத்தில் எழுந்த அந்நூலுக்குப் பரிசாக மன்னர் அளித்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்று பெயர் பெற்றது. நம் மாணவர் இந்நூலைச் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாகப் படித்துத் தேர்வெழுதி முடித்துவிடுகின்றனர். ஆனால், இது ஆடுவதற்கென்றே எழுதப்பட்ட நூல். தலைவியாகிய வசந்தவல்லி பந்தடிக்கும் பகுதியை வாய்விட்டுப் படித்தால் பந்து எழுவதும் விழுவதும் சந்தத்திலேயே கேட்கும்.

அப்பகுதியை ஆடுபவள் கையில் பந்து இராது. பந்தின் கனத்தை அவள் தோள் காட்டவேண்டும். அது எவ்வளவு உயரம் சென்றது என்பதை அவள் கண் சொல்லவேண்டும். திரும்பி வரும் நேரத்தைக் கால் அறிந்திருக்கவேண்டும். இல்லாத பந்தைத் தன் உடல் முழுவதும் நம்பினாலன்றிக் காண்போர் நம்பார். 1944-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியபோது, ஏட்டில் உறங்கிய பந்து மீண்டும் மேடைக்கு வந்தது.

இதே பயிற்சி இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் வேறொரு வழியாகத் தோன்றியது. சிக்காகோ நகரில் குடியேறிய ஏழை மக்களின் பிள்ளைகளுக்கு விளையாட்டின் மூலம் கற்பித்த நீவா பாய்டு என்னும் அம்மையாரிடம் பயின்றவர் வயோலா ஸ்போலின். பாஷையும் பழக்கமும் வேறுபட்ட பிள்ளைகளை ஒன்றுசேர்க்கப் பயன்பட்ட விளையாட்டுகளே அவர் கையில் நடிகர் பயிற்சியாயின. 1963-இல் வெளிவந்த அவரது நூலில் இல்லாத பந்தைக் கொண்டு விளையாடும் பயிற்சி உண்டு. நடிப்புப் பயிற்சி என்று இன்று உலகெங்கும் வழங்குவதில் பெரும்பகுதி, மேடைக்கு வருமுன் வாழ்க்கைக்கென ஏற்பட்டது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

திருச்சபைக்கு நடிப்பின்மேல் உள்ள ஐயம் பழையது. நம் வேதாகமத்தில் 'மாயக்காரர்' என்று வரும் இடங்களில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல், மேடை நடிகனைக் குறித்த சொல்லேயாம். கி.பி. 200 வாக்கில் தெர்த்துல்லியன் நாடகங்களைக் கடிந்து ஒரு நூலே எழுதினார். குரலையும் வயதையும் பாலையும் பொய்யாகக் காட்டுவதை உண்மையின் தேவன் விரும்பார் என்பது அவர் வாதம். ஆதிசபையில் நடிகன் திருமுழுக்குப் பெற விரும்பினால் தொழிலை விடவேண்டியிருந்தது. இதே தெர்த்துல்லியன்தான் திரித்துவத்தை விளக்க 'பெர்சோனா' என்னும் இலத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார். அது நடிகனின் முகமூடிக்கு வழங்கிய சொல். சிரிப்பதா சிந்திப்பதா என்று தெரியவில்லை. செங்கல்லில் எருசலேமை வரைந்து முற்றுகையிட்டு, இடப்பக்கமாக 390 நாளும் வலப்பக்கமாக 40 நாளும் படுத்துக் கிடக்குமாறு பணிக்கப்பட்ட எசேக்கியேலை அவர் எங்ஙனம் மன்னித்தார் என்பதும் கேட்கத்தக்கதே.

நம் நாட்டிற்கு வருவோம். பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சையில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார், 1800-இல் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். குற்றாலக் குறவஞ்சியின் சாயல் அதில் வெளிப்படை. வசந்தவல்லியின் இடத்தில் தேவமோகினி. திரிகூடநாதரின் இடத்தில் பெத்லகேம் நாதர். குறி சொல்லும் குறத்தி விசுவாசமாகிறாள். பறவை பிடிக்கும் சிங்கன் குருமாராகவும், அவன் துணைவனாகிய நூவன் உபதேசிமாராகவும் உருமாறுகின்றனர். உபதேசியார்மீது சாஸ்திரியார் வைத்த அன்பும் குறும்பும் இதில் தெரிகின்றன.

குறவஞ்சி நாடகத்தின் இதயம் கைபார்க்கும் இடத்தில் இருக்கிறது. உயர்குலத்துத் தலைவி தன் கையை மலைக்குறத்தியிடம் நீட்டுகிறாள்; குறத்தி அக்கையைப் பற்றி அதில் எழுதியிருப்பதைப் படிக்கிறாள். தலைவிக்குத் தன்னைப்பற்றித் தெரியாத உண்மை தாழ்ந்தவள் எனப்பட்டவளுக்குத் தெரிகிறது. கவிராயர் இதைச் சாதி ஒழிப்புக்காக எழுதினார் என்று சொல்வது மிகை. காண்போர் சிரித்து மகிழ்ந்து, வீடு திரும்பித் தத்தம் தெருவில் முன்போலவே வாழ்ந்தனர். கோயில்களில் குறவஞ்சி ஆடியவர் தேவதாசியர். உண்மையான குறத்தியின் கை அங்கு எவர் கையையும் தொடவில்லை.

சாஸ்திரியாரிடம் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. அவர் குறத்தியை விசுவாசமாகவே உயர்த்தினார். மீட்பின் செய்தி அவள் வாய்மொழியாக வருகிறது. ஆயினும் 1820களின் இறுதியில், சபையில் சாதி வேற்றுமையை நீக்க இளம் மிஷனரிமார் முற்பட்டபோது, அதை எதிர்த்து வன்மையாக எழுதியவரும் அவரே. தமிழ்ப் பாடலை ஆராதனையினின்று அகற்றலாகாது என்று அவர் வாதாடியது நமக்கு என்றும் நன்றிக்குரியது. அதே வாதத்தில், நற்கருணையில் சாதிகளைக் கலத்தலாகாது என்பதும் சேர்ந்தே வந்தது. பாட்டில் நீண்ட கை பந்தியில் நீளவில்லை. சாஸ்திரியாரைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. கவிதை ஒரு மனிதனைத் தன் காலத்திற்கு அப்பால் அழைத்துச் செல்லும். உடலின் பழக்கமோ பின்தங்கி நிற்கும். அருகே அமர்தல், ஒரே பாத்திரத்தில் பருகுதல் ஆகியவை உடல் கற்கவேண்டிய பாடங்கள். பாட்டு மட்டும் அவற்றைக் கற்பிப்பதில்லை.

பாத்திரம் மேடையை விட்டு வாழ்க்கைக்குள் புகுவதும் உண்டு என்பதற்குச் சங்கரதாஸ் சுவாமிகளைப்பற்றி (1867–1922) வழங்கும் செய்தி ஒன்றைச் சொல்வர். அவர் எமன் வேடத்தில் தோன்றியபோது அவையிலிருந்த கர்ப்பிணி ஒருத்தி அஞ்சிக் கருச்சிதைவுற்றாள் என்றும், அதன்பின் அவர் நடிப்பை விட்டு ஆசிரியரானார் என்றும் மரபு கூறுகிறது. மதுரையில் 1918-இல் தோன்றிய அவரது பாலர் சபையில் பிள்ளைகள் பாட்டும் வசனமும் வாத்தியார் சொல்லச்சொல்ல நெட்டுருச் செய்தனர். டி. கே. எஸ். சகோதரர் போன்ற பெருங்கலைஞரை அப்பயிற்சி ஈன்றது. எனினும் அது கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பயிற்சி. நம் ஞாயிறு பள்ளிகள் இன்றும் பெரிதும் இம்முறையிலேயே நடக்கின்றன.

வேறு வகைப் பயிற்சி தமிழகத்தில் வேரூன்றியது 1970களின் பிற்பகுதியில். நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் சே. இராமானுஜம் 1977-இல் காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சிப் பட்டறை நடத்தினார். 1980-இல் வங்கத்து நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சென்னைக்கு வந்து இளைஞருக்குப் பயிற்சியளித்தார். மேடை, திரை, விளக்கு, ஒப்பனை எதுவும் வேண்டாம். மனித உடலும் ஒரு திறந்த இடமும் போதும் என்றார் அவர். ஒருவர் அசைவை மற்றவர் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டுதல். கண்களை மூடியவரைக் கைபற்றி நடத்துதல். பின்புறம் சாய்ந்து விழுபவரைக் குழு தாங்குதல். பலர் சேர்ந்து ஓர் இயந்திரம்போல் இயங்குதல் என்பன இத்தகைய பட்டறைகளின் விளையாட்டுகள். இவற்றைக் கேள்விப்படுவோர் பிள்ளை விளையாட்டென நகைப்பர். வேறொரு சாதியாரின் கையில் தன் முழுப் பாரத்தையும் விட்டுச் சாய்ந்து பார்த்தவர் நகைப்பதில்லை.

பிரேசில் நாட்டின் அகஸ்தோ போவால் (1931–2009) இவ்விளையாட்டுகளைத் தெளிவான சமூக நோக்கத்திற்குக் கொணர்ந்தார். இராணுவ ஆட்சி 1971-இல் அவரைச் சிறையிலிட்டது. பின் நாடு கடந்து வாழ்ந்தார். பாவ்லோ ஃப்ரேயரின் கல்விச் சிந்தனையை ஒட்டி, ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்னும் முறையை வகுத்தார். ஒடுக்குமுறைக் காட்சி ஒன்றை நடித்துக் காட்டுவர். காண்போரில் ஒருவர் எழுந்து, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறுவிதமாகச் செய்து பார்ப்பார். தோற்றால் மற்றொருவர் வருவார். தீர்வை எவரும் பிரசங்கிப்பதில்லை. பிரசங்கம் செய்தே பழகிய நமக்கு இது கடினமான ஒழுக்கம்தான்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), மக்களால் 'பரட்டை' என அறியப்பட்டவர், நாட்டுப்புற மெட்டுகளிலும் கிராமப் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டை அமைத்தார். ஒரே உலையில் பொங்கிய சோற்றை எல்லாரும் சேர்ந்துண்பதே அவர் இறையியலின் நடுப்பொருள். பாட்டையும் பந்தியையும் அவர் பிரித்து வைக்கவில்லை. சாஸ்திரியாரின் குறத்தி நீட்டிய கைக்கு இருநூறு ஆண்டுகள் கழித்து வந்த மறுமொழியாக இதை நாம் காண்கிறோம்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அப்பகுதிச் சபைகளிலும் பிற இடங்களிலும் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு நாடகம் நடக்கின்றது. யார் மரியாள், யார் தூதன், யார் ஓரத்தில் ஆடு மேய்ப்பவன் என்பதை யார் தீர்மானிக்கிறார் என்று ஆயர் ஒருமுறை உற்றுநோக்கினால், சபையின் வரலாறு முழுவதையும் அங்கே படிக்கலாம். நாடகத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஒத்திகைக்கு முன் ஒரு வாரம் வசனத்தை ஒதுக்கி, இல்லாத பந்தை எறிந்து விளையாடட்டும். கண்மூடி ஒருவரை ஒருவர் நடத்திச் செல்லட்டும். வேடங்களை நாள்தோறும் மாற்றிக்கொள்ளட்டும். மறுக்கும் பெற்றோரும் இருப்பர். அவர்தம் வீட்டிற்குச் சென்று பேசுவது நாடகத்தினும் அருமையான பணி. இணைகளைச் சேர்க்கும்போது சீட்டுக் குலுக்கிச் சேர்த்தல் நலம். அவரவர் விருப்பத்திற்கு விட்டால், ஆலயத்தில் அமரும் பழைய வரிசையே முற்றத்திலும் வந்து நிற்கும்.