தொழில்முறைக் காற்பந்துப் புகழவைத் தேர்வு

தொழில்முறைக் காற்பந்துப் புகழவை என்பது அமெரிக்கக் காற்பந்து விளையாட்டில் சிறந்து விளங்கிய வீரர்கள், பயிற்றுநர்கள், அணி உரிமையாளர்கள் ஆகியோரைச் சிறப்பிக்கும் நிறுவனம் ஆகும். இது ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள கேன்டன் நகரில் அமைந்துள்ளது. இங்கு காற்பந்து எனப்படுவது உலகின் பிற பகுதிகளில் ஆடப்படும் காற்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் ஆட்டமாகும். ஓய்வு பெற்ற வீரர்களுள் யார் இவ்வவையில் இடம்பெறத் தகுதியுடையவர் என்பது அந்நாட்டு விளையாட்டுத்துறையில் ஆண்டுதோறும் எழும் விவாதம் ஆகும்.

தோற்றம்

பின்னாளில் என்.எஃப்.எல். எனப் பெயர் பெற்ற தேசியக் காற்பந்துச் சங்கம் 1920 செப்டம்பர் 17 அன்று கேன்டன் நகரில், ரால்ஃப் ஹே என்பவரின் தானுந்து விற்பனைக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் உருவானது. இதன் காரணமாகவே புகழவை இந்நகரில் அமைந்தது. 1963 செப்டம்பர் 7 அன்று அது திறக்கப்பட்டபோது ஜிம் தோர்ப், ரெட் கிரேஞ்ச் உள்ளிட்ட 17 பேர் முதல் உறுப்பினர்களாயினர். தெரிவானோர் ஒவ்வொருவருக்கும் அங்கு வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வைக்கப்படுகிறது. கூட்டத்துக்கு இடம் கொடுத்த ஹே 2025ஆம் ஆண்டுத் தேர்வில் இறுதிச் சுற்றுவரை வந்தும் தெரிவாகவில்லை.

தேர்வு முறை

ஒரு வீரர் ஆட்டத்தை விட்டு ஐந்து பருவங்கள் கழிந்த பின்னரே தகுதி பெறுவார். எவரும் ஒரு வீரரின் பெயரை எழுதி அனுப்பி முன்மொழியலாம். எனினும் முடிவு செய்வோர் ஏறத்தாழ 50 பேர் கொண்ட தேர்வுக் குழுவினரே. இவர்களுள் பெரும்பாலோர் விளையாட்டுச் செய்தியாளர்கள். ஒவ்வோர் அணியின் நகருக்கும் ஒருவர் இருப்பார். பட்டியல் படிப்படியாகச் சுருக்கப்பட்டு 15 பேர் இறுதிச் சுற்றை அடைவர். அவர்களுள் 80 விழுக்காடு வாக்குப் பெறுவோரே தெரிவாவர். ஓராண்டில் ஐந்து நவீனகால வீரர்களுக்கு மேல் தெரிவாக இயலாது. ஆடி முடித்து 25 ஆண்டுகள் கடந்த வீரர்கள் மூத்தோர் பிரிவுக்கு மாற்றப்படுவர்.

2025ஆம் ஆண்டுத் தேர்வுக்காக விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முன்னர் இறுதி ஐவருக்கும் ஆம் அல்லது இல்லை என வாக்களிப்பது பெரும்பாலும் ஒரு சடங்காகவே இருந்தது. புதிய முறையில் இறுதியில் ஏழு வீரர்கள் எஞ்சுவர். ஒவ்வொரு வாக்காளரும் அவர்களுள் ஐவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏழு பேருக்கு ஐந்து வாக்குகள் எனில் ஒருவருக்குச் சராசரியாகக் கிடைப்பது 71 விழுக்காடே. மூத்தோர், பயிற்றுநர், பங்களிப்பாளர் ஆகியோரை ஒன்றாகச் சேர்த்த ஐவர் பட்டியலில் மூவருக்கே வாக்களிக்கலாம் என்பதால் அங்குச் சராசரி 60 விழுக்காடு. ஆகவே 80 விழுக்காட்டைத் தாண்டுவோர் குறைவது இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது. 2025இல் எரிக் ஆலன், ஜாரெட் ஆலன், அன்டோனியோ கேட்ஸ், ஸ்டெர்லிங் ஷார்ப் ஆகிய நால்வரே தெரிவாயினர்.

நீண்ட காலமா, உச்சமா

விவாதத்தின் மையக் கேள்வி இதுவே எனலாம். குறுகிய காலமே ஆடி, ஆடிய காலத்தில் ஒப்பாரின்றி விளங்கிய வீரரை நீண்ட காலம் ஆடிக் கணக்கைக் கூட்டியவரோடு எவ்வாறு ஒப்பிடுவது? சிகாகோ பேர்ஸ் அணியின் கேல் சேயர்ஸ் முழங்கால் காயங்களால் 68 ஆட்டங்களே ஆடினார். எனினும் 1977இல், தம் 34ஆம் வயதில் புகழவையில் சேர்ந்தார். டென்வர் பிராங்கோஸ் அணியின் டெரல் டேவிஸ் 78 ஆட்டங்களே ஆடியவர். 1998ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 2,008 யார் தூரம் பந்தைச் சுமந்து ஓடினார். இரண்டு சூப்பர் பௌல் கோப்பைகளை வென்ற அணியில் இருந்தார். இருந்தும் 2007இல் தகுதி பெற்ற அவர் 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. சேயர்ஸின் முன்னுதாரணம் டேவிஸுக்கு உடனே உதவாமற் போனதிலிருந்து, இவ்வவையில் முன்தீர்ப்புகள் கட்டுப்படுத்துவன அல்ல என்பது விளங்கும்.

கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் ஸ்டெர்லிங் ஷார்ப் 1988 முதல் 1994 வரை ஏழு பருவங்களில் மூன்று முறை, சங்கத்திலேயே அதிகப் பந்துகளைப் பிடித்தவராக இருந்தார். கழுத்துக் காயத்தால் ஆட்டம் முடிந்தது. அவருடைய தம்பி ஷானன் ஷார்ப் 2011லேயே தெரிவாகிவிட்டார்; தம் ஏற்புரையில் குடும்பத்திலேயே தாம் இரண்டாவது சிறந்த வீரர் என்று அவர் கூறினார். அண்ணன் தெரிவாக மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் குவாட்டர்பேக் ஈலை மேனிங். 16 பருவங்கள் ஆடிய இவர் தொடங்கிய வழக்கமான ஆட்டங்களில் வெற்றி 117, தோல்வியும் 117. ஆனால் இரண்டு சூப்பர் பௌல் ஆட்டங்களில் மிகச்சிறந்த வீரர் விருது பெற்றார். இரண்டு பெரிய மாலைப்பொழுதுகள் பதினாறு ஆண்டுகளுக்கு ஈடாகுமா என்று ஒரு சாராரும், கோப்பைக்காக அன்றி வேறு எதற்காக ஆடுகின்றனர் என்று மறு சாராரும் வாதிடுவர். 2025இல் முதன்முறை தகுதி பெற்றபோது அவர் தெரிவாகவில்லை.

எண்களின் குறைபாடு

எண்களைக் கொண்டு தீர்க்கலாம் என்றால் அதுவும் எளிதன்று. 1961 முதல் 1977 வரை ஒரு பருவத்துக்கு 14 ஆட்டங்கள்; 1978 முதல் 16; 2021 முதல் 17. மேலும் 1978இல் பந்தைப் பிடிக்க ஓடுபவரைத் தடுப்பவர்கள் தொடுவதற்குக் கட்டுப்பாடு வந்தபின் எறிந்து ஆடும் ஆட்டம் பெருகியது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் லின் சுவான் தம் காலம் முழுவதும் பிடித்தவை 336 பந்துகள். பிற்காலச் சிறந்த வீரர் ஒருவர் மூன்று நான்கு பருவங்களில் இதை எட்டிவிடுவார். சுவான் 2001இல் தெரிவானார். 940 பந்துகள் பிடித்த ஆர்ட் மாங்க் 2008 வரையிலும், 1,101 பந்துகள் பிடித்த கிரிஸ் கார்ட்டர் 2013 வரையிலும் காத்திருந்தனர். கார்ட்டர், ஆன்ட்ரே ரீட், டிம் பிரவுன் ஆகிய மூவரும் ஒரே காலத்தில் பட்டியலில் நின்றதால் வாக்குகள் பிரிந்தன என்பது பொதுவான விளக்கம். கார்ட்டருக்குப் பின் ரீட் 2014இலும் பிரவுன் 2015இலும் தெரிவாயினர்.

குவாட்டர்பேக்கைப் பந்தெறியும் முன் வீழ்த்தும் எண்ணிக்கை 1982 முதலே அதிகாரப்பூர்வமாகப் பதியப்படுகிறது. தாக்கும் வரிசையில் நின்று வழி ஏற்படுத்தித் தரும் வீரர்களுக்கோ சொல்லத்தக்க எண்களே இல்லை. கிரீன் பே அணியின் ஜெரி கிரேமர் இத்தகையவர். 1967 டிசம்பர் 31 அன்று கடுங்குளிரில் நடந்த வாகையர் ஆட்டத்தின் இறுதி நொடிகளில் இவர் திறந்த வழியில்தான் பார்ட் ஸ்டார் வெற்றிப் புள்ளியை எடுத்தார். 1969இல் சங்கத்தின் 50ஆம் ஆண்டு நிறைவு அணியில் இடம்பெற்ற கிரேமர், பத்து முறை இறுதிச் சுற்றில் விடுபட்டு, 2018இல் 82 வயதில் புகழவைக்குத் தெரிவானார்.

நடத்தை குறித்த விவாதம்

களத்தில் நிகழ்ந்தவற்றை மட்டுமே வாக்காளர்கள் கருத வேண்டும் என்பது விதி. ஆனால் களம் எங்கு முடிகிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. டெரல் ஓவன்ஸ் ஓய்வு பெற்றபோது பந்து பிடித்து எடுத்த தூரத்தில் (15,934 யார்) வரலாற்றில் இரண்டாம் இடத்தில் இருந்தார். ஆயினும் அணிகளுக்குள் பிளவு உண்டாக்கினார் என்ற காரணத்தால் இருமுறை விடப்பட்டு 2018இல் தெரிவானார். சினமுற்ற அவர் கேன்டன் விழாவுக்குச் செல்லாமல் சட்டனூகா நகரில் தாம் படித்த பல்கலைக்கழகத்தில் தனியே விழா எடுத்தார். 1985இல் சேர்க்கப்பட்ட ஓ. ஜே. சிம்ப்சன் 2008இல் கொள்ளைக் குற்றத்தில் தண்டனை பெற்றபின்னும் நீக்கப்படவில்லை; ஒருமுறை சேர்க்கப்பட்டவரை இவ்வவை நீக்குவதில்லை.

இவற்றுள் மிகவும் கடினமானது கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் ஜிம் டைரரைப் பற்றியது. தம் நிலையில் ஆடியோருள் முன்னணியில் இருந்த இவர் 1980இல் தம் மனைவியைக் கொன்று தாமும் உயிர் மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு இறுதிச் சுற்றில் இருந்தும் தெரிவாகவில்லை. தலையில் தொடர்ந்து ஏற்படும் அடிகள் மூளையைச் சிதைப்பது பின்னர் அறியப்பட்டதால், அவர் செயலையும் அந்நோயுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும் என ஆதரவாளர்கள் வாதிட்டனர். அவருடைய மூளை ஆராயப்படவில்லையாதலால் இதை உறுதிப்படுத்த வழியில்லை. 2025இல் மூத்தோர் பிரிவில் மீண்டும் இறுதிச் சுற்றுக்கு வந்து, மீண்டும் விடப்பட்டார்.

காலம் கடந்த தெரிவுகள்

1920களில் ஆடிய கறுப்பின வீரர் டியூக் ஸ்லேட்டர் 1966இல் காலமானார். புகழவையில் சேர்க்கப்பட்டது 2020இல். 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல். அணிகளில் கறுப்பின வீரர் எவரும் இடம்பெறவில்லை. 1962 வரை தம் வாஷிங்டன் அணியில் கறுப்பினத்தவரைச் சேர்க்காதிருந்த உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷலோ 1963ஆம் ஆண்டின் முதல் 17 பேரில் ஒருவர். ஸ்லேட்டர் தெரிவான 2020ஆம் ஆண்டில், சங்கத்தின் நூற்றாண்டையொட்டிப் பத்து மூத்த வீரர்கள் ஒருசேரச் சேர்க்கப்பட்டனர்.

குவாட்டர்பேக் கென் ஸ்டேப்ளர் 2015 சூலையில் இறந்தார். ஏழு மாதங்களில் தெரிவானார். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் 15 பருவங்கள் ஆடிய கென் ரைலி எதிரணி எறிந்த 65 பந்துகளை இடைமறித்துப் பிடித்தவர். ஆடிய காலத்தில் ஒருமுறைகூட நட்சத்திர ஆட்டமான புரோ பௌலுக்கு அழைக்கப்படாதது அவருக்கு எதிரான வாதமாகவே நின்றது. 2020 சூனில் அவர் காலமானார். 2023இல் அவரது சிலை கேன்டனில் வைக்கப்பட்டது.