செயற்கைக் காலுக்குள் மறைந்திருக்கும் துணி

செயற்கைக் கால் என்றதும் எல்லோரும் பாதத்தைத்தான் பார்க்கிறார்கள். கால் பிடிக்கிறதா, கடிக்கிறதா என்பதைத் தீர்மானிப்பதோ மேலே இருக்கும் கிண்ணம். எஞ்சிய கால் இறங்கி நிற்கும் இந்தப் பகுதியை வேலைத்தலத்தில் சொக்கற் என்பார்கள். 1987இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தின் பெயர் குடாநாட்டில் தெரியாதவர் குறைவு. ஆனால் சொக்கற் செய்யும்போது பயன்படும் இழுபடும் துணியைப் பற்றி, கால் அணிபவர்களே பேசுவதில்லை.

அந்தப் பெயருக்குரிய ஜெய்ப்பூர் காலை இராஜஸ்தானில் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968இல் உருவாக்கினார்கள். அதன் மேற்பகுதியை அன்று அலுமினியத் தகட்டைத் தட்டித்தான் செய்தார்கள். துணிக்கு அங்கே வேலையில்லை. ரெசின் முறையில்தான் துணி முக்கியமாகிறது. எஞ்சிய காலின் பிளாஸ்ரர் உருவத்தின் மேல் ஒரு மெல்லிய உறை போட்டு, குழாய் போலப் பின்னிய துணியை அடுக்கடுக்காக மாட்டுவார்கள். அதற்கு மேல் இன்னொரு உறை. காற்றை உறிஞ்சியபடி ரெசினை ஊற்ற, துணியும் ரெசினும் ஒரே ஓடாக இறுகும்.

பைபர் படகு திருத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஆனால் படகின் பக்கம் பெரிய, மெதுவான வளைவு. நெய்த கண்ணாடி இழை அதில் படியும். முழங்காலில் அதே துணி மடியும். மடிப்பில் ரெசின் தேங்கி நொறுங்கக்கூடியதாக இறுகும். மடிப்பு உட்பக்கம் வந்தால் தோலை அறுக்கும். அதனால்தான் பின்னல் துணி.

பருத்திப் பின்னல் ரெசினை நிறையக் குடிக்கும், கால் பாரமாகும். நைலோன் பின்னல் குறைவாகக் குடிக்கும், உழைக்கும். கண்ணாடி இழையை, பாரம் விழும் அடிப்பகுதியில், நைலோன் அடுக்குகளுக்கு நடுவே மட்டும் வைப்பது நல்லது. விளிம்பில் அது வெளியே தெரிந்தால் தோல் அரிக்கும்.

நன்றாக இழுபடும் துணியே நல்ல துணி என்பது பாதிதான் சரி. உருவத்தைவிட மிகச் சிறிய குழாயை இழுத்து மாட்டினால் கண்ணிகள் விரிந்து, அகன்ற இடத்தில் நார் குறைந்து, ஓடு மெலியும். அதைவிட மோசமானது குழி. முழங்காற் சில்லுக்குக் கீழே உள்ள பள்ளம் பாரத்தை நன்றாகத் தாங்கும் இடம். இறுகிய துணி அந்தப் பள்ளத்தில் இறங்காமல் மேளத்தோல் போல மேலே நிற்கும். அடியில் வெறும் ரெசின் தேங்கும். நார் இல்லாத ரெசின் வெடிக்கும். உள் உறையும் சேர்ந்து தூக்கி நின்றால் பள்ளத்தின் வடிவமே சொக்கற்றில் வராது. அங்கே விழ வேண்டிய பாரம், தாங்கமுடியாத எலும்பு நுனிக்குப் போகும். உறிஞ்சும் காற்றை மட்டும் நம்பாமல், ரெசின் ஊற்றுமுன் பள்ளத்தில் நூல் கட்டித் துணியை அமர்த்துவது இதற்காகத்தான்.

சர்வதேச செஞ்சிலுவைக் குழு போரால் பாதிக்கப்பட்ட நாடுகளில் பரப்பிய பொலிபுரோப்பிலீன் முறையில் ரெசின் இல்லை. சூடாக்கி இளகிய தகட்டை உருவத்தின் மேல் போர்த்திக் காற்றை உறிஞ்சுவார்கள். அங்கும் பிளாஸ்ரருக்கு மேல் ஒரு மெல்லிய நைலோன் காலுறை உண்டு. அதன் கண்ணிகள் வழியாகத்தான் காற்று வெளியேறும். தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் போகும் எங்கள் சனத்துக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். மலிவு, தண்ணீர் குடிக்காது, கடிக்கும் இடத்தைச் சூடாக்கிச் சற்று விலக்கலாம். இறுகிய ரெசினில் அந்த வசதி குறைவு.

சொக்கற்றுக்குள் போடும் காலுறை மட்டும் அணிபவரின் கையில் இருக்கிறது. எங்கள் வெக்கைக்கு வியர்வையை உறிஞ்சும் பருத்தி நல்லது; தினமும் தோய்த்து நன்றாக உலர்த்த வேண்டும். தையல் எலும்பு நுனியில் படக்கூடாது. காலுறைக்கு மேல் காலுறை போட்டால்தான் கால் நிற்கிறது என்றால், எஞ்சிய கால் மெலிந்துவிட்டது. புதிதாக அளவெடுக்க வேண்டும். காலைக் கழற்றியபின் தெரியும் சிவப்பு பத்து, இருபது நிமிடத்தில் மறையாவிட்டால், புண் வரும்வரை பொறுக்காமல் சொக்கற்றுடன் நிலையத்துக்குப் போங்கள். அன்று போட்டிருந்த காலுறையையும் கொண்டு போங்கள்.