மலைப்பாதையும் தன்னலக் கணக்கும்

சிலமலையில் நின்று மேற்கே நோக்கினால் ஏலக்காய் மலைச்சரிவு சுவரெனத் தோன்றும். தேனி மாவட்டத்திலிருந்து அதனைக் கடந்து கேரளம் செல்லப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்னும் மூன்று பாதைகள் பெரிதும் பயன்படுகின்றன. போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள.

கார்த்திகை, மார்கழித் திங்களில் சபரிமலைக்குச் செல்லும் ஊர்திகள் பெருகுகின்றன. ஒவ்வோர் ஓட்டுநரும் தமக்கு விரைவான வழியைத் தேர்ந்தால் அனைவர்க்கும் விரைவு கிட்டாதா? கிட்டாது என்பதை ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகூ 1920ஆம் ஆண்டிலேயே இரு சாலைகளைக் கொண்டு விளக்கினார்.

அவர் கருத்தை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். சுற்றுவழி அகலமானது, எப்பொழுதும் 60 நிமிடம். குறுக்குவழி ஒடுங்கியது, 50 வண்டி நுழைந்தால் 30 நிமிடம், 100 நுழைந்தால் 60 நிமிடம். மொத்தம் 100 வண்டிகள். குறுக்குவழி ஒருகாலும் சுற்றுவழியைவிடத் தாழ்வன்று. ஆகவே அனைவரும் அதிலேயே நுழைவர், அனைவர்க்கும் 60 நிமிடமே ஆகும். பாதிப்பேர் சுற்றிச் சென்றாலோ சராசரி 45 நிமிடம்! ஆனால் சுற்றிச் செல்ல முன்வருபவர் யார்? இடர்ப்பாடு அங்கேதான் இருக்கிறது.

இந்நிலையை 1952இல் வார்ட்ராப் இலக்கணப்படுத்தினார். ஆட்டக் கோட்பாட்டில் நாஷ் 1950இல் கண்ட சமநிலைக்கு இது உறவுடையது. புதுச்சாலை அமைத்தாலும் சிலபோது அனைவர்க்கும் தாமதமே மிகும் என்று செருமானியராகிய பிரேசு 1968இல் காட்டியது வியப்புக்குரியது. வண்டிகளின் தொகைக்கு ஏற்ப நேரம் ஒரே சீராக மிகுமாயின், தன்னலத்தால் விளையும் மொத்தத் தாமதம் சிறந்த ஏற்பாட்டின் மூன்றில் நான்கு பங்கை மிஞ்சாது என ரஃப்கார்டனும் டார்டோசும் 2002இல் நிறுவினர். நம் கணக்கிலும் 60க்கும் 45க்கும் உள்ள விகிதம் அதுவே.

இதற்கு மருந்து யாது? பிகூ வரி என்றார். தமிழர் பலர் வாழும் சிங்கப்பூர் 1975இல் நகர் நடுவே நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. நால்வர் ஏறிவந்த காருக்கு அன்று விலக்குண்டு. நம் மலையிலோ கட்டணமில்லை, ஆணையே உண்டு. கூட்டம் மிகும் நாட்களில், போகும்போது கம்பம்மெட்டு, திரும்பும்போது குமுளி எனக் காவல் துறையினர் ஒருவழியாக்குகின்றனர். சுற்று மிகுதி என்று முணுமுணுப்போர் உளர். எனினும் வளைவுகளில் ஊர்திகள் எதிரெதிரே முட்டி நிற்பது ஒழிகிறது.

அடியேன் ஆணையின் பக்கமே சாய்வேன். கட்டணமாயின் செல்வர் எளிதிற் செலுத்தி விரைவர். விடியலில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்கோ, அத்தொகை அன்றாடக் கூலியிலிருந்தே போகவேண்டும்.