புல்லட் மீட்டெடுப்பு

பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டை முழுவதும் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, துருவை நீக்கி, ஆலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குக் கொண்டுவரும் வேலை. இந்தியாவில் வீட்டு முற்றத்திலும் போர்ட்டிகோவிலும் நடக்கும் பழைய மோட்டார் சைக்கிள் வேலைகளில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 வண்டிகளையும் இப்படி மீட்கிறார்கள் என்றாலும், உற்பத்தி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பழமையாகிவிட்ட வண்டி என்பதால் புல்லட்டின் கதை வேறு.

புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1932இல் பிறந்தது. 1948இல் அறிமுகமான 350 சிசி மாதிரி, பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் அமைப்புடன் வந்தது. இந்தியப் படைக்குப் பிடித்துப்போனது அதுதான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் 1956 முடிவதற்குள் 163 வண்டிகள் பூட்டப்பட்டன. முதலில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. சில ஆண்டுகளில் எல்லாமே இங்கேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் அந்தப் பெயரே மறைந்த பிறகும், 1950களின் வடிவம் சென்னையில் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்து உருவானது. 1977இல் அதையே பிரிட்டனுக்கு ஏற்றுமதியும் செய்தார்கள். ரெட்டிச்சில் செய்த வண்டிக்கு வேண்டிய பல பாகங்களை இன்று அங்குள்ள ஆர்வலர்கள் இந்தியத் தயாரிப்பிலிருந்தே பெறுகிறார்கள்.

இந்த மாறாமைதான் மீட்டெடுப்பின் அடிப்படை. 346 சிசி என்ஜினின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. அரை நூற்றாண்டு இதே அளவுதான். 1960களின் வண்டிக்கு 1990களின் பிஸ்டன் பொருந்தும். என்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி. போல்ட்டைக் கழற்றி இருவர் பிடித்தால் என்ஜினைத் தரையில் இறக்கிவிடலாம். ஆனால் பிரிட்டிஷ் மரையும் மெட்ரிக் மரையும் ஒரே வண்டியில் கலந்திருக்கும். கையில் கிடைத்த ஸ்பானரைப் போட்டால் நட்டின் முனை மழுங்கிப்போகும். முந்தைய கைகள் அப்படிக் கெடுத்த மரைகளைச் சரிசெய்வதிலேயே பாதிப் பொழுது கழியும்.

தொடக்கத்தில் இது பொழுதுபோக்கு அல்ல. புது வண்டிக்குப் பதிவுசெய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில், இருக்கிற வண்டியை ஓடவைப்பதே குறி. தேய்ந்த சிலிண்டரை லேத்தில் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றினார்கள். சென்னையில் புதுப்பேட்டையும் கோவையில் உக்கடமும் பழைய பாகங்களுக்குப் பெயர்பெற்றன. உருவை மாற்றியதும் தேவைதான்: பெட்ரோல் விலையைத் தாங்க முடியாதவர்கள் டீசல் என்ஜினை மாட்டினார்கள், சௌராட்டிரத்தில் புல்லட்டின் முன்பாதியோடு வண்டிப் பெட்டியைச் சேர்த்து ‘சக்டா’ என்ற மூன்று சக்கர வாகனத்தைப் படைத்தார்கள். நிறுவனமே 1993இல் டீசல் புல்லட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஐஷர் குழுமத்தின் கைக்கு நிறுவனம் வந்தபின் புதிய என்ஜின்கள் உருவாயின. 2010ஐ ஒட்டிக் காஸ்ட் அயர்ன் சிலிண்டர் என்ஜின் விடைபெற்றது. அதன்பிறகே பழைய வண்டியைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கும் ஆசை பரவலானது.

வேலையில் எதை வீட்டில் செய்யலாம், எதை வெளியே கொடுக்கலாம் என்று அறிவது பெரிய தேர்ச்சி. போர் போடுவது, குரோமியம் பூசுவது, கிராங்கைப் பிரித்துப் புது கனெக்டிங் ராட் ஏற்றி நேர்பார்ப்பது ஆகியவை பட்டறைக்கு உரியவை. கனெக்டிங் ராடின் அடிமுனையில் உள்ளது மிதக்கும் புஷ். அழுக்கு ஆயிலில் அது நெடுநாள் தாங்காது. ஆகவே என்ஜினைப் பூட்டுமுன் ஆயில் பாதைகளைக் கழுவி ஊதிப் பார்ப்பதில் சோம்பக் கூடாது. மற்றவை வீட்டு வேலை. டேங்கின் உள்துருவுக்கு மண்ணெண்ணெயோடு சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். பாயிண்ட் இடைவெளியை ஏறத்தாழ 0.4 மி.மீ.க்கு வைப்பார்கள். டேப்பட்டுக்கு அளவுக்கருவிகூட வேண்டாம்: என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, இரு வால்வும் மூடியிருக்கும் நிலையில், புஷ் ராட் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும்; மேலும் கீழும் ஆடக் கூடாது.

எல்லாம் பூட்டிய பின் கிக்கரை உதைப்பதற்கும் முறை உண்டு. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் ஆம்மீட்டர் முள் ஆடும். முள் நடுவுக்கு வந்து நிற்கும் இடத்தில் டீகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனை உச்சியிலிருந்து சற்றே தாண்டவிட்டு, பிறகு முழுமூச்சாக உதைக்க வேண்டும். இதை அறியாதவரின் காலைக் கிக்கர் திருப்பி அடிக்கும். வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஓட்டுபவருக்கு இவ்வளவு நேராகக் காட்டும் இயந்திரத்தை இன்றைய கடைகளில் காண முடியாது.

அலங்கார மாற்றம் தனிக் கிளை. 1960களின் பிரிட்டிஷ் கஃபே ரேசர் பாணியில் தாழ்ந்த ஹேண்டில்பாரும் ஒற்றை இருக்கையும் வைப்பவர்கள் பலர். கழற்றித் திரும்ப மாட்டக்கூடிய மாற்றமாக இருந்தால் குறைசொல்ல ஒன்றுமில்லை. சேஸிஸின் பின்பகுதியை அறுத்து வெல்டிங் வைப்பதோ வண்டியை அழிப்பதற்குச் சமம். திருவொற்றியூர்க் கைவினைஞர்கள் மெல்லிய தூரிகையால் டேங்கில் இழுத்த பொன்னிறக் கோட்டைச் சுரண்டிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டுவதும் இழப்பே.

சட்டமும் இதே பக்கம் நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களோடு பதிவுச் சான்று முரண்படும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2021இல் வந்த விதிகள், 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் குலையாத வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துகளுடன் தனிப் பதிவெண் தருகின்றன. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், அன்றாடப் பயணத்துக்கு அனுமதியில்லை. சேஸிஸில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு இந்தப் பதிவு கிடைக்காது. பழைய புல்லட் வாங்க எண்ணுபவர் பெயிண்டின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன், என்ஜினிலும் சேஸிஸிலும் பொறித்த எண்களை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.