குழந்தை இறப்பு ஆய்வு: எது உள்ளே, எது வெளியே

ஐந்து வயது நிறையாமல் இறக்கும் குழந்தைகளின் சாவுக்குக் காரணம் தேடிச் சுகாதாரத் துறை நடத்தும் விசாரணையே குழந்தை இறப்பு ஆய்வு. நோயின் பெயரைக் கண்டுபிடித்ததும் அது முடிந்துவிடுவதில்லை. காய்ச்சல் கண்ட எத்தனையாவது நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள், வண்டி கிடைத்ததா, மருத்துவமனையில் முதலில் பார்த்தது யார், அங்கிருந்து ஏன் வேறிடத்துக்கு அனுப்பினார்கள் என்பது வரை துருவும். நாடு முழுமைக்குமான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்டது. இப்படித் திரளும் விடைகளில் எவற்றைப் பூட்டி வைப்பது, எவற்றை ஊரறியச் சொல்வது என்பதுதான் இந்த ஆய்வின் தீராத சிக்கல்.

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு குழந்தை இறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தகவல் ஊர் மட்டத்துச் சுகாதாரப் பணியாளரிடமிருந்து போகும். அடுத்துச் செவிலியர் வீட்டுக்கு வந்து சுருக்கமான விசாரணைப் படிவத்தை நிரப்புவார். தேர்ந்தெடுத்த இறப்புகளில் குடும்பத்தாரிடம் விரிவாகக் கேட்டு, அறிகுறிகளைக் கொண்டு காரணத்தை ஊகிக்கும் வாய்மொழி உடற்கூறாய்வு நடக்கும். தாமதம், பணம், குடும்பச் சூழல் ஆகியவற்றைப் பதிய இன்னொரு படிவம் உண்டு. மருத்துவமனையில் நேர்ந்த சாவுக்குத் தனி ஆய்வு. எல்லாம் மாவட்டக் குழுவுக்குப் போய்ச் சேரும். சில இறப்புகளை ஆட்சியரே குடும்பத்தாரை அழைத்துக் கேட்பார்.

இந்தச் சங்கிலியில் இரண்டு பேர் பயப்படுகிறார்கள். ஒருவர் தாய்: கை மருந்து கொடுத்துப் பார்த்ததையும், மாமியார் தடுத்ததையும் சொன்னால் ஊர் என்ன பேசும்? மற்றவர் செவிலியர் அல்லது மருத்துவர்: இரவுப் பணியில் ஆளில்லை என்று எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வருமா? தண்டிக்கும் நோக்கம் இல்லாத ஆய்வு என்று நெறிமுறைகள் அழுத்திச் சொல்வது இதனால்தான். பழி விழும் என்று தெரிந்த இடத்தில் உண்மை படிவத்தில் ஏறாது.

பெயரை அடித்துவிட்டால் இரகசியம் காப்பாற்றப்பட்டது என்று அலுவலகங்கள் நினைப்பதுண்டு. சிற்றூரில் அது செல்லாது. “மாசி மாதம், மூன்றாவது பெண் குழந்தை, பிறந்து எட்டு நாள்” என்று மட்டும் எழுதி ஊர்ப் பெயரைப் போட்டால் மீதியைப் பேருந்து நிறுத்தத்து டீக்கடை நிரப்பிவிடும். ஆகவே வெளியிடும் கணக்கு வட்டார அளவுக்கோ மாவட்ட அளவுக்கோ திரட்டியதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இறப்பு குறையக் குறைய இந்தச் சிக்கல் கூடுகிறது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கின்படி உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவை இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. எண்ணிக்கை சிறுத்தால் ஒவ்வொரு இறப்பும் எளிதில் அடையாளம் தெரிந்துவிடும்.

சட்டம் பெரும்பாலும் மறைப்பின் பக்கமே நிற்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, யாருக்கும் வழங்கப்படும் இறப்புச் சான்றில் பதிவேட்டிலுள்ள இறப்புக் காரணம் இடம்பெறக்கூடாது. குற்றத்துக்கு இரையான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். சாவு இந்தப் பாதுகாப்பை நீக்கிவிடாது. கத்துவாவில் கொல்லப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் பெயரை வெளியிட்ட ஊடகங்கள் ஆளுக்குப் பத்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. பாலியல் வன்முறையில் இறந்தவரின் பெயரை, உறவினர் இசைந்தாலும், செஷன்ஸ் நீதிபதியின் முடிவில்லாமல் வெளியிடக் கூடாது என்று அதே ஆண்டு டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் பெயர் சொல்லாமலே ஒரு மாநிலத்தை உலுக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1990-களில் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் சிசு மரணக் காரணங்களுக்கிடையே “சமூகக் காரணங்கள்” என்றொரு வகை இருந்தது. கள்ளிப்பாலையும் நெல்மணியையும் பற்றி ஊரே அறிந்திருந்ததை அலுவலக மொழியில் அப்படி எழுதினார்கள். பூசிமெழுகிய சொல்தான், ஆனாலும் எழுதினார்கள். ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அந்தப் பதிவேடுகளைத் திரட்டி ஆராய்ந்து, பெண் சிசுக்கொலை எந்தெந்த மாவட்டங்களில் குவிந்திருக்கிறது என்பதை 1997-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வெளியிட்டார்கள். வெளிச்சத்துக்கு வந்தது மாவட்டக் கணக்கு. எந்தத் தாயின் பெயரும் அல்ல.

பெற்றோர் வளர்க்க விரும்பாத பெண் சிசுவை அரசே ஏற்றுக்கொள்ள 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011-இல் கடலூர் உள்ளிட்ட மேலும் ஐந்து மாவட்டங்களுக்கு விரிந்ததும் வெளிப்படையான எண்களின் பலன்தான். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கடலூரில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 900-க்கும் குறைவாக இருந்தனர்.

விபத்துச் சாவுகளின் கதை வேறு. 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். நீதிபதி கே. சம்பத் ஆணையம் விசாரித்தது. விசாரணை ஆணையச் சட்டப்படி இத்தகைய அறிக்கையை, எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு, அரசிடம் அளித்த ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தில் வைத்தாக வேண்டும். அங்கே தேடப்பட்டது பொறுப்பு: யார் அனுமதி கொடுத்தார், யார் ஆய்வு செய்யாமல் கையெழுத்திட்டார். அதை மூடிய அறையில் தேட முடியாது, தேடவும் கூடாது. பாடம் கற்கும் ஆய்வையும் பொறுப்பு கேட்கும் விசாரணையையும் ஒன்றாக்கினால் இரண்டுமே கெடும்.

இங்கிலாந்து அந்தக் கலப்பில் பல ஆண்டுகள் தத்தளித்தது. 2007-இல் லண்டன் ஹாரிங்கே பகுதியில் வீட்டிலேயே வதைபட்டு இறந்த, ‘பேபி பி’ என்று மட்டும் நாளேடுகள் குறிப்பிட்ட குழந்தையின் சாவு பற்றிய ஆய்வில் முதலில் சுருக்க அறிக்கைதான் வெளிவந்தது. கொதிப்பு அடங்கவில்லை. இத்தகைய ஆய்வுகளை அடையாளம் நீக்கி முழுமையாக வெளியிட வேண்டும் என்று 2010-இல் அரசு முடிவெடுத்தது. முழுதாக அச்சேறும் என்று தெரிந்தால் எழுதுகிற கை தயங்கும் என்ற எதிர்ப்பும் அப்போதே எழுந்தது. அது வெறும் சாக்கு அல்ல.

பக்கத்தில் கேரளம் நடைமுறைக்கு ஏற்ற வழியைக் காட்டியிருக்கிறது. அங்கே மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் தாய் இறப்புகளைப் பெயரில்லாமல் ஆராய்ந்து, கண்டறிந்ததையும் பரிந்துரைகளையும் நூலாகவே வெளியிட்டு வருகிறது. படிவங்கள் உள்ளே இருக்கின்றன. பாடங்கள் வெளியே வருகின்றன. குழந்தை இறப்பிலும் இதைச் செய்யத் தடையாக எந்தச் சட்டமும் இல்லை.

மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. தம் மாவட்டத்தில் கடந்த ஆண்டு எத்தனை குழந்தை இறப்புகள் பதிவாயின, அவற்றில் எத்தனை ஆய்வுக்கு வந்தன, குழு என்ன பரிந்துரைத்தது, எவை நிறைவேறின என்று வாசகர் எவரும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். இந்த நான்கு கேள்விக்கும் ஒரு குழந்தையின் பெயர்கூடத் தேவையில்லை.