மூடின குழாய்

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் தீவாக ஊர். கூப்பிடு தூரத்தில் திருவானைக்காவல். அங்கே ஸ்வாமியே அப்பு லிங்கம். கர்ப்பக்கிருகத்தில் ஊற்று கசிந்துகொண்டே இருக்கும். 1924ஆம் வருஷத்து வெள்ளத்தைப் பற்றித் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோடையில் மணற்காடாகக் கிடக்கும் காவிரியில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொண்ட கதை அம்மாவுடையது. இந்த இரண்டு கதைகளையும் கேட்டு வளர்ந்த எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு: குழாயை இறுக்கி மூடு. சொட்டுகிற குழாய் இருக்கிற வீட்டில் லக்ஷ்மி தங்கமாட்டாள் என்பாள் அம்மா.

இந்தச் சட்டத்தைப் பத்ரிநாத்துக்கும் கொண்டுபோனதுதான் நான் செய்த பிசகு.

நூற்றெட்டுத் திருப்பதிகளில் முதலாவது எங்கள் ஊர். பத்ரியைப் பாடிய திருமங்கையாழ்வார்தான் எங்கள் கோயில் மதில்களில் ஒன்றைக் கட்டினார் என்பது பரம்பரையாகச் சொல்லி வருவது. ஆகவே பத்ரிக்குப் போகவேண்டும் என்பது அம்மாவுக்கு நெடுநாள் ஆசை. 2019ஆம் வருஷம் நவம்பர் மாதம், கோயில் மூடுவதற்குச் சில நாள் இருக்கும்போது, ஹரித்வாரிலிருந்து ஒரு வேன் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். பத்தாயிரம் அடிக்கு மேல் உயரம். பல்லைக் கிட்டிக்கொண்டு வந்தது. விடுதிப் பையன், பதினாறு வயதிருக்கும், ராத்திரி வாளியில் வெந்நீர் வைத்துவிட்டுக் குளியலறைக் குழாயை நூல்போல ஒழுகும்படி திறந்துவிட்டு, "மூடாதீர்கள், பாபுஜி" என்று ஹிந்தியில் சொன்னான். எனக்குப் புரிந்தது. ஆனால் விளக்கை அணைத்துப் படுத்த பிறகு அந்த ஒழுகல் சத்தம் காதைக் குடைந்தது. எழுந்துபோய் இறுக்கி மூடினேன். புண்ணியம் செய்த திருப்தியோடு தூங்கினேன்.

காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. வெயில் ஏறியதும், சுவரோடு போன இரும்புக் குழாயின் வெடிப்பிலிருந்து தண்ணீர் பீச்சி அடித்தது. மாடி பூராவும் தண்ணீர் நின்றுபோயிற்று. விடுதிக்காரர் வந்ததும் முதலில் அந்தப் பையனைத்தான் பிடித்துக்கொண்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீதானேடா மூடினே? சொல்லு அவர்கிட்டே" என்றாள். அப்புறம்தான் சொன்னேன். பணமும் கொடுத்தேன். பையன் என்னைப் பார்க்கவே இல்லை.

அம்மாவின் ஸ்நானம் நின்றுபோகவில்லை. அலகநந்தா பனியாய்ச் சில்லிட்டு ஓடுகிறது. அதன் கரையிலேயே, கோயில் படிகளுக்குக் கீழே, தப்த குண்டத்தில் வெந்நீர் ஊற்று ஆவி பறக்கப் பொங்குகிறது. அதில் ஆனந்தமாகக் குளித்துவிட்டுத்தான் பெருமாளைச் சேவித்தாள்.

ஊருக்குத் திரும்பியதும், பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் சிநேகிதர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பொன்மலைப் பட்டறை 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் இன்றைக்கும் பழுது பார்க்க அங்கேதான் வருகின்றன. அவர் சிரித்தார். "ஐஸ் குழாயை உடைக்கலே சார். போக இடமில்லாத தண்ணிதான் உடைச்சுது" என்றார்.

அவர் விளக்கியது இது. மற்றப் பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரும் 4 டிகிரி வரையில் சுருங்கும்; அதற்குக் கீழே விரிய ஆரம்பித்துவிடும். பதினோரு படி தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய பன்னிரண்டு படி பனிக்கட்டி. குழாயின் நடுவில் ஓரிடத்தில் கட்டி பிடித்துக்கொண்டால், அதற்கும் மூடின வாய்க்கும் இடையே அகப்பட்ட தண்ணீர் நெருக்குண்டு தவிக்கும், இரும்பானாலும் பிளக்கும். வாய் திறந்திருந்தால் அந்த நெருக்கடி வழிந்து போய்விடும்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1784-85 குளிர்காலங்களில், கனடாவின் கியூபெக் நகரில் வில்லியம்ஸ் என்ற பீரங்கிப் படை அதிகாரி வெற்று இரும்புக் குண்டுகளில் தண்ணீரை நிரப்பி, துவாரத்தை இரும்பு அடைப்பானால் இறுக்கி, வெளியே பனியில் வைத்தார். சில குண்டுகள் பிளந்தன. ஒன்றிலிருந்து அடைப்பான் பிடுங்கிக்கொண்டு நானூறு அடிக்கு மேல் போய் விழுந்தது. மருந்து இல்லாமலே சுட்ட பீரங்கி!

குளிர்தேசத்து மனிதர்கள் இதற்கு மூன்று வழிகளைக் கண்டுபிடித்தார்கள்: காலி செய்வது, ஓடவிடுவது, சூடாக வைப்பது. பழைய நாளில் லாரிக்காரர்கள் ராத்திரி ராடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டுப் படுத்தார்கள். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் சின்ன வீட்டையே பூட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள், பனிக்காலம் வருமுன் தொட்டியை வடித்துவிட்டு, காற்றை அடித்துக் குழாய்களை ஊதிக் காலி செய்கிறார்கள். மிச்சம் தங்குகிற மூலைகளுக்காக, எளிதில் உறையாத புரோபிலீன் கிளைக்கால் திரவத்தை ஊற்றிவைக்கிறார்கள். ராடியேட்டருக்கு ஊற்றுகிற எத்திலீன் கிளைக்கால் விஷம். குடிதண்ணீர்க் குழாயில் அது படக்கூடாது.

பத்ரியிலோ ஊரையே காலி செய்துவிடுகிறார்கள். மாணா கிராமத்துப் பெண்கள் நெய்த கம்பளியை நெய்யில் தோய்த்துப் பெருமாளுக்குச் சாத்தி, கதவை அடைத்துவிட்டு எல்லோரும் கீழே இறங்குகிறார்கள். வசந்தம் வரும் வரையில் ஜோஷிமட் நரசிம்மர் கோயிலில் பூஜை.

ஓடுகிற ரயிலுக்கு இப்படி இறங்கிவிட முடியாது. ஜனங்களுக்குத் தண்ணீர் வேண்டும். 2008 அக்டோபரில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் முதல் ரயில் ஓடியபோது, அதன் பெட்டிகள் நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்தவை. 1955இல் நேரு திறந்துவைத்த தொழிற்சாலை அது. 2018இல் முதல் வந்தே பாரத் ரயிலும் அங்கேதான் உருவாயிற்று. 2025 ஜூன் 6ஆம் தேதி கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்குப் புறப்பட்ட வந்தே பாரத் வண்டியில், தண்ணீர்த் தொட்டியும் கழிவறைத் தொட்டியும் உறையாதபடி மின்சாரத்தால் சூடேற்றுகிறார்கள். ஆயுளில் ஒரு நாள்கூடப் பனி உறைந்து பார்க்காத ஊர் பெரம்பூர். அந்த ஊர்ப் பட்டறை, யாரோ முகம் தெரியாத காஷ்மீரத்துக் கிழவி கை கழுவத் திறக்கும் குழாயைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறது. கண்ணெதிரே நின்று ஒரு பையன் சொன்னதைக்கூட நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுச் சட்டம் தப்பு என்று சொல்லமாட்டேன். அது காவிரிக்கரைச் சட்டம். மலைக்கு வேறு சட்டம். அது அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

நேற்று ராத்திரி கொல்லைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மூடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றேன்.

"போய் மூடுடா, இது ஸ்ரீரங்கம்" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.